பதிலாள் பிடித்த மெழுகுவர்த்தி

மனிலா
1979 ஜூன் 18

மனோங் டென்சியோ அண்ணனுக்கு,

மூக்கு வணக்கம்! மூக்கு உடைந்தவன் வேறெப்படி வணக்கம் சொல்ல?

நான் அலோன் சோப்புக் கம்பெனி அணியின் நிலோ. போன ஞாயிறு உங்கள் முழங்கை வந்து இறங்கியதே, அந்த மூக்குக்குச் சொந்தக்காரன். இரண்டு நாசியிலும் பஞ்சை அடைத்துவிட்டு, வாயால் மூச்சு விடு என்கிறார் டாக்டர். கஞ்சி குடித்தால் மூச்சு நிற்கிறது, மூச்சு விட்டால் கஞ்சி நிற்கிறது. உங்களுக்கு ஆட்டத்தடை போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, உங்கள் ஜின் கம்பெனி அணியின் பயிற்சிக்கூடக் காவலாளியிடம் முகவரி கேட்டேன். அவன் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, வாங்குனது பத்தலையா? வீடு தேடிப் போயி வேற வாங்கணுமா?" என்றான்.

தொழில்முறைப் போட்டியில் எனக்கு அது மூன்றாவது ஆட்டம். அதற்கு முன் காப்பிஸ் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கிக்கொண்டு, சாயங்காலமானால் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த பயல் நான். பாதி ஆட்டத்துக்குள் உங்கள் ஆட்களைப் பம்பரமாகச் சுற்றவிட்டுப் பந்தைக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்போதுதான் நீங்கள் பெஞ்சிலிருந்து எழுந்தீர்கள். நீங்கள் மேல்சட்டையைக் கழற்றுவதற்குள் அரங்கமே எழுந்து "கசாப்பு! கசாப்பு!" என்று உங்கள் பட்டப்பெயரைக் கத்தித் தரையை மிதிக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் கோச் மெலெசியோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பந்தோடு கூடையை நோக்கி ஏறினேன். அப்புறம் நினைவிருப்பது விளக்குகளும் நாக்கில் உப்பும்தான். மேலிருந்து காசு மழை. ஒரு காசு நடுவரின் காதைக் கிழித்துவிட்டதாம்.

ஒன்று மட்டும் மறக்கவில்லை. மல்லாந்து கிடந்து என் ரத்தத்தை நானே விழுங்கித் திணறிக்கொண்டிருந்தபோது யாரோ என் தாடையைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினார்கள். "துப்புடா தோதோ, முழுங்காத, துப்பு" என்று, தம்பியைத் தோதோ என்கிற நம்ம ஊர்ப்பக்கத்துப் பேச்சில் குரல். கண்ணைத் திறந்தால் நீங்கள்.

உங்களை ஆயுளுக்கும் ஆடவிடாமல் செய்ய ஒரு புகாரில் கையெழுத்துப் போடு என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். கோச் தலையில் அடித்துக்கொள்கிறார்: "போடுடா மடையா! இன்னைக்கி மூக்கு, நாளைக்கி முட்டி. முட்டி போனா உன்னை மீன் பெட்டிகூடத் தூக்க விடமாட்டாங்க." நான் இன்னும் போடவில்லை. அடித்ததும் நீங்கள், திருப்பிவிட்டதும் நீங்கள். இதில் எந்த ஆளுக்கு எதிராக நான் கையெழுத்துப் போடுவது? பதில் போடுங்கள்.

கோபம் குறையாத,
லியோனிலோ 'நிலோ' மாகபாந்தே

*

ஆண்டிகே
1979 ஜூலை 3

அன்புள்ள தோதோ நிலோ,

உன் கடிதத்தை பூரிங் சத்தமாக வாசித்தாள். பூரிங் என் மனைவி. மூக்கு வணக்கம் என்ற இடத்தில் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்த வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை இருக்கிறது, ஆகவே நான்தான் பயந்துபோனேன்.

நீ கேட்டாய், சொல்கிறேன். அடித்ததும் நான்தான், திருப்பியதும் நான்தான். எனக்குச் சம்பளம் கூடையில் பந்து போடுவதற்காக இல்லை. நன்றாகப் போடுகிறவனைப் போடவிடாமல் செய்வதற்காக. மனிலாவுக்கு வருவதற்கு முன் திருவிழா ஆட்டங்களில் இதையேதான் செய்தேன். அங்கே மேயரின் ஆட்கள் இடுப்பில் துப்பாக்கியோடு கூடைக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வெளியூர் அணி ஜெயித்தால் ஜீப்னி வண்டி வரைக்கும் ஓட வேண்டும். ஒருமுறை எங்கள் ஆள் ஒருவன் கடைசிப் பந்தைப் போட்டு ஜெயித்தான். ஜீப்னிக்குள் ஏறும்போது அவன் காலில் சுட்டுவிட்டார்கள். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக்காட்டில் ஓடியவன் நான். அவனும் உன்னைப் போலத்தான், வாயும் கொழுப்பும். இப்போது லாட்டரிச் சீட்டு விற்கிறான்.

உன்னை அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் நாளைக்கு வேலை செய்ய முடியாது. ஆனால் அன்றைக்கு நான் குறிவைத்தது உன் தோள். நீ குனிந்து தொலைத்தாய். உன் மூக்கு என் கணக்கிலேயே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "இந்தப் பையன் கையெழுத்துப் போடாம இருக்கான்னா நல்ல ரத்தம்ங்க. பிள்ளைக்கு இவனையே ஞானத்தகப்பனா கேளுங்க" என்றாள் பூரிங். "அடி வாங்குனவனையாடீ?" என்றேன். "ஆமா. பிள்ளையோட ஞானத்தகப்பன் அப்பனுக்குக் கும்பாரே, கும்பாரேவ அடிச்சா கை அழுகிப்போகும்னு உங்க அம்மாவே சொல்வாங்கல்ல? மனிலால நீங்க அடிக்க முடியாத ஆளுன்னு ஒருத்தனாச்சும் இருக்கட்டுமே" என்றாள். இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

ஆகவே கேட்கிறேன். என் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக இரு. எனக்கு கும்பாரே ஆகிவிடு. இப்படிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது. உனக்குத் தெரியாததா?

புகாரில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் விருப்பம். அதற்கும் இதற்கும் முடிச்சு இல்லை.

பிரியமுடன்,
டென்சியோ

*

மனிலா
1979 ஆகஸ்ட் 21

அன்புள்ள கும்பாரே,

அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது! எனக்கு வயது இருபத்தொன்று. இதற்குள் ஞானத்தகப்பன் ஆகிவிட்டேன், கல்யாணம்தான் ஆகவில்லை. சந்தோஷமாகச் சம்மதிக்கிறேன். பூரிங் அக்காவிடம் சொல்லுங்கள், அந்தப் புகாரைச் சுருட்டி கோச் முன்னாலேயே குப்பையில் போட்டுவிட்டேன். அவர் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. பிறகு ஒரே ஆட்டத்தில் முப்பத்தெட்டு புள்ளி எடுத்தேன், பேசிவிட்டார்.

மூக்கு ஒட்டிக்கொண்டது, கொஞ்சம் கோணல். பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள்.

போன வாரம் பாகோலோதில் ஆட்டம். சார்டின் மீன்டப்பா கம்பெனி அணியோடு. ஊர்க்காரர்கள் முழுக்க அவர்கள் பக்கம். டார்ச் பேட்டரி, பாட்டில், ஒரு செருப்பு, எல்லாம் தலைக்கு வந்தது. சார்டின்காரன் ஒருவன் ஒவ்வொரு முறையும் என் கோணல் மூக்கையே விரலால் சுண்டிக்கொண்டிருந்தான். "யாருடா உன் மூக்கத் தின்னது? கசாப்பா? மிச்சத்த நான் தின்னட்டுமா?" என்றான். நானும் பொறுத்தேன் கும்பாரே, சத்தியமாகப் பொறுத்தேன். மூன்றாம் முறை திரும்பி அவன் காதோடு சேர்த்துக் கொடுத்தேன். முழங்கையால். உங்களைப் போலவே. அவன் முட்டி போட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தான். இரண்டு பெஞ்சும் கிளம்பிவிட்டது. எங்கள் பஸ்ஸின் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. விமான நிலையம் வரைக்கும் எல்லோரும் தரையில் படுத்துக்கொண்டே போனோம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உங்களிடம் சொல்கிறேன். அவன் விழுந்தபோது எனக்கு நன்றாக இருந்தது. பந்து கூடைக்குள் போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதுதான் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

ஒரு குறை. பிள்ளை பிறந்து நீங்கள் எந்த ஞாயிறு ஞானஸ்நானம் வைத்தாலும் அன்றைக்கு எங்களுக்கு ஆட்டம். கெஞ்சிப் பார்த்தேன், "சோப்பு வாங்குறவன் உன் ஞானப்பிள்ளையப் பாக்க டிக்கெட் எடுக்கல" என்றார் கோச். எனக்குப் பதிலாள் ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மச்சான் யாராவது இருந்தால் அவரையே வையுங்கள். குழந்தைக்கு ஒரு வெள்ளிச் சங்கிலி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கும்பாரே,
நிலோ

*

ஆண்டிகே
1979 செப்டம்பர் 25

என் அன்பு கும்பாரே,

ஆண் பிள்ளை! ரோமெல் என்று பெயர். கனமான பயல். தண்ணீர் ஊற்றியதும் பாதிரியாரின் அங்கியைப் பிடித்து இழுத்துவிட்டான். "இது யாரு பிள்ளைன்னு கேக்கவே வேண்டாம்" என்றார் அவர்.

என் மச்சான்களில் ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். கடைசி நேரத்தில் யாரை நிறுத்துவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது எங்கள் மேனேஜர் டான் கிரிஸ்புலோ வந்து இறங்கினார். மனிலாவிலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல்! பெரிய பன்றி ஒன்றும் பெட்டி பெட்டியாக ஜின்னும். "நம்ம ஆளு பிள்ளைக்கி ஞானஸ்நானம், நான் வராம எப்புடி?" என்றார். பதிலாள் இல்லை என்று தெரிந்ததும், "நான் நிக்கிறேன்ப்பா, இதுல என்ன இருக்கு" என்று மெழுகுவர்த்தியைக் கையில் வாங்கிக்கொண்டார். நான் நெகிழ்ந்துவிட்டேன். அணி முதலாளிகளோடு விருந்து சாப்பிடுகிறவர், என் வீட்டு மண் தரையில் உட்கார்ந்து கையால் சோறு பிசைந்தார். முடிந்ததும் கோயில் படியில் நின்று பிள்ளைகளுக்குக் காசு இறைத்தார். ஊரே புழுதியில் புரண்டது. ஒரு பையனுக்குப் பல் உடைந்தது.

பூரிங்குக்கு மட்டும் பிடிக்கவில்லை. "சிரிக்கும்போது அவர் கண்ணு சிரிக்கல" என்றாள். கள் குடித்த பிறகு கிரிஸ்புலோ என் தோளில் கை போட்டு, "இனிமே நாம கும்பாரே, டென்சியோ" என்றார். எனக்குச் சந்தேகம் வந்து மறுநாள் பாதிரியாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "புத்தகத்துல யாரு பேரு இருக்கோ அவருதான் ஞானத்தகப்பன். பதிலாள் நாற்காலி மாதிரி. நாற்காலிக்கி யாராச்சும் கும்பாரேன்னு சொல்வாங்களா?" என்றார். ஆகவே நீதான். எழுத்திலும் நீ, கர்த்தர் முன்னாலும் நீ. கவலையை விடு.

நவம்பரில் என் தடை முடிகிறது, வந்துவிடுவேன். உன்னை எதிர்த்து ஆடவேண்டி வரும். உன் பக்கம் வரும்போது கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். என்ன, நம் சட்டைக்குப் பைதான் இல்லை!

ரோமெலின் முத்தங்களோடு,
உன் கும்பாரே டென்சியோ

*

மனிலா
1979 நவம்பர் 27

அன்புள்ள கும்பாரே,

ஒரே நகரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதும் பைத்தியங்கள் நாம்தான். என்ன செய்ய, ஜின்காரனோடு காப்பி குடித்தால்கூட அபராதம் என்கிறார் கோச்.

நேற்றைய ஆட்டத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. நான் கூடைக்கு ஏறும்போதெல்லாம் நீங்கள் பேருந்தில் வயதானவருக்கு இடம் விடுவது போல ஒதுங்கினீர்கள்! நம் ஞானஸ்நானக் கதைதான் பத்திரிகையில் வந்துவிட்டதே, மேல் வரிசையிலிருந்து ஒருவன் "கும்பாரே, கும்பாரே, முத்தம் குடு!" என்று ஆரம்பித்தான், அரங்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. உங்கள் மேல் முட்டை எறிந்தார்கள். உங்கள் ஆட்களே உங்களைத் திட்டினார்கள். நாற்பத்திரண்டு புள்ளி எடுத்தேன். ஆட்டம் முடிந்ததும் கிரிஸ்புலோ உங்கள் காதில் ஏதோ சொல்வதைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

என்னால் உங்களுக்குத் தொந்தரவு என்றால் சொல்லுங்கள். வேண்டுமானால் நாலு தள்ளு தள்ளுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். இறுதிப் போட்டியில் நாம் இரண்டு அணிகளும்தான் என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. இந்தக் கோப்பை கிடைத்தால் அடுத்த மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருக்கிறது. என் அப்பாவைத் துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். என் கால் இரண்டும் இருந்தால் போதும் கும்பாரே, வேறு எதுவும் வேண்டாம்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஆண்டிகே வருகிறேன். ரோமெலை இன்னும் ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

அன்புடன்,
நிலோ

*

லகூனா, பயிற்சி முகாம்
1979 டிசம்பர் 13

கும்பாரே,

இதை நிதானமாக வாசி. எங்களை இங்கே பூட்டி வைத்திருக்கிறார்கள். துணி துவைக்கும் அம்மா வழியாக இதை வெளியே அனுப்புகிறேன்.

ஐந்து ஆட்ட இறுதிப் போட்டியில் கணக்கு இரண்டுக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். நேற்று கிரிஸ்புலோ என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பையனோட முட்டி" என்றார். அவ்வளவுதான். அவன் என் கும்பாரே, அது நடக்காது என்றேன். கோபப்படவில்லை மனுஷன். பொறுமையாகக் கேட்டார்: "மெழுகுவர்த்தி யாரு கையில இருந்துச்சு, டென்சியோ? பிள்ளைத் தலையத் தாங்கினது யாரு? காசு இறைச்சது யாரு? அவன் எங்க இருந்தான், சோப்பு வித்துக்கிட்டு இருந்தான். உனக்கு கும்பாரே நான். ஒரு கும்பாரே இன்னொரு கும்பாரேகிட்ட வாயத் திறந்து ஒண்ணு கேக்குறேன். இல்லன்னு சொல்வியா?"

இதற்காகத்தான் பன்றியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறார், பாவி. பூரிங்குக்கு அன்றைக்கே தெரிந்தது, எனக்குத்தான் மரமண்டை.

முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர் அடுத்ததாக போக்யோவை இறக்குவார். உனக்குத் தெரியாது, புதிதாக வந்தவன், எருமை மாதிரி இருப்பான். எனக்காவது எங்கே நிறுத்துவது என்று தெரியும். அவனுக்கு நிறுத்தவே தெரியாது. பயிற்சியிலேயே எங்கள் ஆள் ஒருவனின் விலாவை உடைத்துவிட்டான். ஆகவே நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

கேள். மூன்றாம் பகுதியில் நீ கூடைக்கு ஏறும்போது நான் வருவேன். என் இரண்டு கையும் விரிந்திருக்கும். "விழு" என்று சொல்வேன். உடனே விழுந்துவிடு. முட்டியைப் பிடித்துக்கொண்டு அலறு, உன் அம்மாவைக் கூப்பிடு, என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டு. நான் உன் மேல் விழுவேன், பாரம் முழுக்க என் கையில்தான் இருக்கும், உன் காலைத் தொடாது. நடுவர் என்னைத் துரத்துவார். கூட்டம் என் மேல் நாற்காலி வீசும். வீசட்டும். கிரிஸ்புலோவுக்கு வயிறு குளிரும். நீ கொஞ்ச நேரம் நொண்டிவிட்டு நான்காம் பகுதியில் எழுந்து வந்து ஜெயித்துக்கொள். "நான் மிதிச்சேன், பாறாங்கல்லு மாதிரி முட்டி அவனுக்கு" என்று சொல்லிக்கொள்வேன். இரண்டு பேருக்கும் சோறு மிஞ்சும்.

சம்மதம் என்றால் பதில் போடாதே. இங்கே வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பதில் வராவிட்டால் நீ ஒத்துக்கொண்டாய் என்று எடுத்துக்கொள்வேன்.

பயப்படாதே. என் பிள்ளை மேல் ஆணை.

உன் கும்பாரே,
டென்சியோ

*

மனிலா
1979 டிசம்பர் 21

கும்பாரே,

இந்தச் சொல்லை எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் பூரிங் அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். திரும்பிவிட்டேன்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. நம்பினேன், கும்பாரே. சத்தியமாக முழுசாக ஒரு நாள் நம்பினேன். மறுநாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னடா என்று கேட்டார் கோச். வாய் தவறியோ, பயத்திலோ, சொல்லிவிட்டேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "ஏண்டா, பதினஞ்சு வருஷமா எலும்பு ஒடைக்கிறவன் உன்கிட்ட வந்து, கண்ண மூடிக்கிட்டுக் கீழ படு, நான் மேல விழறேன்னு சொல்றான். நீயும் படுக்கப் போற! நிக்கிற முட்டிய ஒடைக்கிறது கஷ்டம்டா. கிடக்கிற முட்டிய மிதிக்க எவ்வளவு நேரம்?" என்றார். அவர் என் கும்பாரே என்றேன். "எப்பலேர்ந்து? அந்தக் குழந்தைய நீ தொட்டிருக்கியா? மூஞ்சி கறுப்பா செவப்பான்னு தெரியுமா? மெழுகுவர்த்தி பிடிச்சவன் கிரிஸ்புலோ. டென்சியோவுக்கு கும்பாரே அவன்தான். நீ வெறும் பேரு" என்றார்.

பாதிரியார் சொன்னதை நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் கோச் சொன்னதுதான் உண்மையாகப் பட்டது. நான் தொட்டதே இல்லையே. அன்று முழுக்க என் முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தேன். அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது, அந்த மீன் பெட்டிகள் ஞாபகம் வந்தது.

மூன்றாம் பகுதி வரைக்கும் நான் காத்திருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் பகுதியில், நீங்கள் கூடைக்குக் கீழே சும்மா நின்றுகொண்டிருந்தீர்கள், பந்துகூட நம் பக்கம் இல்லை. நான் அருகில் வந்ததும் நீங்கள் சிரித்தீர்கள். "இன்னும் நேரம் இருக்குடா" என்று வாய்க்குள் சொன்னீர்கள். கை இரண்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நான் சுழன்று முழங்கையை இறக்கினேன். தாடை என்றுதான் நினைத்தேன். ஏதோ மெத்தென்று நசுங்கியது. நீங்கள் கத்தவே இல்லை, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கோணலாக இரண்டு அடி நடந்தீர்கள். விரல் இடுக்கில் வழிந்தது ரத்தம் மட்டும் இல்லை. அப்புறம் விழுந்தீர்கள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பெஞ்சும் மோதியது. போக்யோ எங்கள் ஆள் ஒருவனின் தலையைக் கம்பத்தில் மோதினான். நாற்காலிகள் பறந்தன. போலீஸ் கூரையைப் பார்த்துச் சுட்டது. நடுவர் பார்க்கவில்லையாம், என்னை வெளியே அனுப்பவில்லை! அரை மணி நேரம் கழித்துத் தரையைத் துடைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். எல்லோரும் என்னைக் கண்டு ஒதுங்கினார்கள், ஒரு ஆள் கிட்டே வரவில்லை. ஐம்பத்தோரு புள்ளி. ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அரங்கத்தைச் சுற்றினார்கள். மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரைக்கும் ஒரே குரல்: "கசாப்பு! கசாப்பு!" என்னைப் பார்த்துக் கத்துகிறார்கள், கும்பாரே. நான் கையை உயர்த்திக் காட்டினேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. சோப்பு உறையில் என் படம் வரப்போகிறது. இடது கண் போய்விட்டது, வலது கண்ணையும் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க என்னுடையது, மறுக்காதீர்கள்.

ஒரே ஒரு வரி கேட்கிறேன். மன்னிப்பு கேட்கவில்லை, அதற்கு எனக்கு முகம் இல்லை. நீங்கள் அன்றைக்கு என் முட்டியை மிதித்திருப்பீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். கோச் சொன்னது சரி, நீங்கள் என்னை ஏமாற்றத்தான் இருந்தீர்கள் என்று எழுதுங்கள். கோபத்தில் எழுதினாலும் சரி. அந்த ஒரு வரி இருந்தால் நான் தூங்குவேன். ஐந்து நாளாகத் தூக்கம் இல்லை.

நிலோ

*

ஆண்டிகே
1980 ஜனவரி 16

திரு. லியோனிலோ மாகபாந்தே அவர்களுக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல பூரிங் எழுதுகிறாள். என் வலது கண்ணின் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. ஒரு கண் போனால் இன்னொன்றும் அதன் பின்னாலேயே போகப் பார்க்குமாம், ஆகவே இருட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பழகிவிட்டது.

உங்கள் கடிதமும் பணமும் கிடைத்தன. பணத்தை பூரிங் திருப்பி அனுப்பிவிட்டாள். நான் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன், இவள் கேட்கவில்லை. டான் கிரிஸ்புலோவும் மாம்பழக் கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "ஏன் கும்பாரே, முந்திக்க வேண்டாமா?" என்றாராம். எனக்குத் தெரியாது, மயக்கத்தில் இருந்தேன். பூரிங் அந்தக் கூடையை அவர் மூஞ்சியிலேயே அடித்து, மாடிப்படி முழுக்க மாம்பழமும் அவரும் உருண்டதாக நர்ஸ் சொன்னாள். அந்த ஒன்றைப் பார்க்கத்தான் கண் இல்லாமல் போய்விட்டது.

ஜின் கம்பெனி என் பெயரை எடுத்துவிட்டது. மாமனாரின் படகில் வலை இழுக்கப் போகிறேன். வலை இழுக்கக் கை இருந்தால் போதும். நன்றாக இருக்கிறேன். நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம். என்னைப் போன்ற ஆட்களுக்கு முடிவு இப்படித்தான் வரும், யார் கையால் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

ரோமெலுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. அவனைப் பார்க்க வரவேண்டாம். நீங்கள் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் வந்தால் பூரிங் கத்தியை எடுப்பாள். எனக்குத் தடுக்கக் கண் இல்லை.

நீங்கள் கேட்ட அந்த வரியைச் சொன்னேன். பூரிங் அதை மட்டும் எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்க சொல்லுங்க, நான் எழுத மாட்டேன்" என்கிறாள். சரி, அதை நானே எழுதுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம் தோதோ. மிதித்திருப்பேன். தூங்கு.

டென்சியோ

(நிலோ, இது பூரிங். நான் எழுத மறுத்தது ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கடைசி ஆட்டத்துக்கு நான் ஊரிலிருந்து வந்திருந்தேன். ஆட்டத்தன்று காலையில் முகாமின் வாசலில் என்னைப் பார்த்தபோது இவர், "கையை எங்க ஊனினா அவன் கால் மேல படாது, நீ படு, பார்க்கலாம்" என்று என்னை சிமெண்ட் தரையில் படுக்க வைத்து, என் மேல் விழுந்து விழுந்து பழகிப் பார்த்தார். என் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. அவர் உங்களைத் தூங்கச் சொல்கிறார். நான் சொல்லவில்லை.)